படம் ஏன் ஏறவில்லை?

ஐப்பசிக் கடைசியில் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கத்துப் பொதுச் சேவை மையங்களில் சிட்டா, அடங்கல், பாஸ்புக்கோடு விவசாயிகள் காத்திருப்பார்கள். சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். 2011-ல் தானே புயலையும் 2015-ல் பெருவெள்ளத்தையும் கண்ட கடலூர் மாவட்டத்துக்கு அந்தத் தேதியின் அருமை தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில் அடங்கலின் படம் ஏறாமல், 'பதிவேற்றம் தோல்வி' என்று மட்டும் ஒரு திரை சொன்னால், எங்கே தப்பு என்று மையத்தில் இருப்பவருக்கும் தெரியாது. நாளைக்கு வாங்க என்பார். ஒரு நாள் வேலை கெட்டது.

பல நேரம் காரணம் கோப்பின் அளவுதான். இன்றைய செல்போன் படம் சாதாரணமாக 3, 4 எம்பி வரும். தேர்வாணைய விண்ணப்பத்துக்குப் புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி. கெடுபிடியான வரம்புதான், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுவதால் பிரவுசிங் சென்டரில் சைஸ் குறைத்துக்கொண்டு போகலாம். மத்திய அரசின் ஆர்டிஐ தளமும் இணைப்பு 1 எம்பிக்குள் பிடிஎஃப் ஆக இருக்க வேண்டும் என்கிறது. எண்ணைச் சொல்லாத தளமும் தவறான எண்ணைச் சொல்லும் தளமும்தான் ஆளை அலைக்கழிக்கின்றன.

தவறான எண் எப்படி வருகிறது? பிஎச்பியில் எழுதிய தளத்தில், யாரும் மாற்றாதவரை ஒரு கோப்புக்கு வரம்பு 2 எம்பி, படிவம் முழுவதற்கும் 8 எம்பி. அதற்கு முன்னால் என்ஜின்எக்ஸ் சர்வர் நின்றால், அதன் அமைப்பையும் மாற்றாதவரை, அது 1 எம்பியைத் தாண்டினாலே 413 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பிவிடும். திரையில் '5 எம்பி வரை' என்று எழுதியவர் ஒருவர், சர்வரை அமைத்தவர் இன்னொருவர். இருவரும் பேசிக்கொள்ளாததற்கு விண்ணப்பதாரர் விலை கொடுக்கிறார். இன்னொரு கொடுமையும் உண்டு. படிவ வரம்பு மீறப்பட்டால் பிஎச்பி மற்ற விவரங்களையும் சேர்த்தே கைவிட்டுவிடும். எல்லாவற்றையும் நிரப்பியவரிடம் 'பெயரை எழுதவும்' என்று திரை கேட்கும்.

இந்தக் குழப்பத்தில்தான் ஆபத்து நுழைகிறது. அவசரத்தில் ஆதாரையும் பாஸ்புக்கையும் ஏதோ ஓர் இலவசச் சுருக்கும் தளத்தில் ஏற்றுகிறோம். அந்த நகல் யாரிடம் தங்கும் என்று தெரியாது. செல்போனிலேயே ஓரங்களை வெட்டி, அளவைக் குறைப்பது பாதுகாப்பு. ஏற்கும் இடங்களில், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். எழுத்து மங்கும் அளவுக்குச் சுருக்கினால், ஏறிய பிறகும் விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம்.

கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009 முதல் இருக்கின்றன. 2023-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பளித்தது. ஆகவே படம் ஏறாவிட்டால் தேதி, நேரம் தெரியத் திரையைப் படம்பிடியுங்கள். கெடு முடிவதற்குள் எழுத்தில் புகார் அனுப்புங்கள். மாநில அரசுச் சேவை என்றால் 1100-ஐ அழையுங்கள். கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். அந்தத் தளத்தின் உண்மையான வரம்பு என்ன என்று, 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் தபாலிலேயே கேட்கலாம்; 30 நாளில் பதில் வர வேண்டும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்து மென்பொருள் வேலைக்குப் போகும் பிள்ளைகளே, கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வரம்பைத் தமிழில் எழுதுங்கள். அந்த எண்ணைச் சர்வர் அமைப்போடு ஒத்துப்பாருங்கள். தாண்டினால், 'உங்கள் கோப்பு 3.4 எம்பி, 1 எம்பிக்குள் வேண்டும்' என்று திரை சொல்லட்டும். நிரப்பிய விவரங்கள் அழியாமல் இருக்கட்டும்.