குடல்வாழ் பற்றீரியாக்களும் வீட்டில் மீந்திருக்கும் மாத்திரைகளும்



பிள்ளைக்குத் தடிமன் பிடித்தவுடன், முன்னர் மூத்தவனுக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்து மீந்திருந்த அன்டிபயோட்டிக் மாத்திரையைத் தேடியெடுத்துக் கொடுக்கும் வழக்கம் எமது வீடுகள் பலவற்றில் உண்டு. தடிமனை உண்டாக்குவது வைரஸ். அம்மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் குடலுக்குள் இறங்கி, அங்கு வாழும் பற்றீரியாக்களைத் தாக்கும்.

பற்றீரியா என்றாலே நோய் என எண்ணிவிடாதீர்கள். வளர்ந்த ஒரு மனிதரின் உடலில் சுமார் 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் உள்ளன என 2016ஆம் ஆண்டு வெளியான ஒரு கணிப்பு கூறுகின்றது. மனிதக் கலங்களோ ஏறத்தாழ 30 இலட்சம் கோடி. (பற்றீரியாக்கள் பத்து மடங்கு அதிகம் எனப் பல நூல்கள் எழுதி வந்தமை மிகையே.) இவற்றுள் பெரும்பாலானவை பெருங்குடலிலேயே வாழ்கின்றன. எம்மால் சமிபாடடையச் செய்ய முடியாத நார்ப்பொருளை அவை நொதிக்கச் செய்து, பெருங்குடற் சுவரின் கலங்களுக்கு உணவாகும் அமிலங்களை ஆக்குகின்றன. தாய்ப்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள சில சர்க்கரைகளைக் குழந்தையால் சமிக்கவே முடியாது. குழந்தையின் குடலிலுள்ள பிபிடோபற்றீரியங்களே அவற்றை உண்டு பெருகுகின்றன. தாய் தன் குழந்தைக்கு மட்டுமன்றி அந்நுண்ணங்கிகளுக்கும் சேர்த்தே பாலூட்டுகின்றாள்!

இக்கூட்டம் அழிந்தால் என்ன நேரும்? குளோஸ்ட்ரிடியோய்டீஸ் டிபிசில் என்னும் பற்றீரியா வெற்றிடத்தைப் பிடித்துக்கொண்டு கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கலாம். முதியோரிடம் இது உயிரையும் பறிக்கும். அன்டிபயோட்டிக் கொடுத்தாலும் சிலருக்கு மீண்டும் மீண்டும் வரும். அத்தகைய நோயாளிகளுக்கு நெதர்லாந்து வைத்தியர்கள் ஆரோக்கியமானவர்களின் மலக் கரைசலைக் குழாய் மூலம் குடலினுள் செலுத்தினர். கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆயினும் 2013இல் வெளியான முடிவின்படி, 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமடைந்தனர். வன்கொமைசின் மருந்தை மட்டும் பெற்ற 13 பேரில் குணமடைந்தோர் நால்வரே. இழந்த பற்றீரியாக்கள் திரும்பி வந்தமையே மருந்தாயிற்று.

“அப்படியாயின் நல்ல பற்றீரியா அடங்கிய மாத்திரையை வாங்கிக் கொடுத்தால் போதாதா?” என நீங்கள் கேட்கலாம். 2018ஆம் ஆண்டின் ஓர் ஆய்வில், அன்டிபயோட்டிக் உட்கொண்ட பின் அத்தகைய மாத்திரைகளை எடுத்தவர்களின் குடற் பற்றீரியாக்கள், ஒன்றும் எடுக்காதவர்களினதை விடத் தாமதமாகவே பழைய நிலைக்குத் திரும்பின. சிறியதோர் ஆய்வுதான். எனினும் விளம்பரங்களை நம்பிப் பணத்தைச் செலவிடுமுன் இதனை நினைவிற் கொள்ளுங்கள். பருப்பு, கீரை, குரக்கன், பழங்கள் ஆகியன அப்பற்றீரியாக்களுக்குத் தேவையான நார்ப்பொருளை மலிவாகவே தருகின்றன.

இதனை வாசித்துவிட்டு அன்டிபயோட்டிக் மருந்தையே வெறுத்து ஒதுக்கிவிட வேண்டாம். பற்றீரியாவால் வரும் நியூமோனியாவில் அது உயிர் காக்கும் மருந்து. வைத்தியர் தந்தால் அவர் கூறிய அளவிலும் நாட்களிலும் கொடுங்கள். ஒருவருக்குத் தந்ததை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை பிள்ளையை அழைத்துச் செல்லும்போது, “டொக்டர், இது வைரஸா, பற்றீரியாவா?” எனத் தயங்காது கேளுங்கள்.