பூட்ஸ் வேண்டாம், பாண்டேஜ் போதும்!

ஆபீஸ் முடிந்து விளாங்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், காலி பிளாட்டில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் வெறுங்கால்.

"பூட்ஸ் எங்கடா?" என்றேன் ஒருநாள்.

"அதை மாட்டினா பந்து எங்க இருக்குன்னே தெரியலண்ணே!"

இதே பிடிவாதத்தோடு ஒருத்தர் 1936-ல் ஸ்காட்லாந்து வரை போய் வந்திருக்கிறார். பெயர் முகமது சலீம். கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப்பின் விங் ஆட்டக்காரர்.

முதலில் கிளப் கதை. கல்கத்தா லீக் ஆரம்பித்தது 1898-ல். 1933 வரை சாம்பியன் பட்டியலைப் புரட்டினால் ஓர் இந்திய கிளப்கூடக் கிடையாது. வெள்ளைக்கார கிளப், இல்லேன்னா பட்டாளம்! காரணம் ரொம்ப சிம்பிள். லீக் நடப்பது மழைக்காலத்தில். காய்ந்த தரையில் நம்ம வெறுங்கால் ராஜா, சேற்றில் வழுக்கும். முகமதன் நிர்வாகிகள் மழை நாளுக்கு பூட்ஸ் பழக்கினார்கள். பெங்களூர் வரை ஆள் தேடினார்கள். 1934-ல் முதல் டிவிஷனுக்கு ஏறிய அதே வருஷம் சாம்பியன். குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாதபடி 1935-லும்!

1936 சீசன்தான் உச்சம். மூன்றாவது முறையாக லீக். கூடவே ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, அதுவும் ஃபைனலில் கல்கத்தா எஃப்.சி.யைக் கவிழ்த்து. ஒரே வருஷத்தில் இரண்டையும் தூக்கிய முதல் இந்திய கிளப் இதுதான். 1938 வரை லீக் இவர்கள் கையை விட்டுப் போகவில்லை. அஞ்சு வருஷம் விடாமல் இன்கிரிமென்ட்... நமக்கு வாய்க்குமா சார்? (1937 ரோவர்ஸ் கப் ஃபைனலில் இவர்களையே சாய்த்தது பெங்களூர் முஸ்லிம்ஸ். நம்ம தெற்கத்தி ஆட்கள்!)

பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போகிற வழியில் சீன அணி அந்த வருஷம் இங்கே ஆடியது. முதல் மேட்ச் ஆடிய சலீமை அடுத்த மேட்சுக்குக் காணோம். லீவ் லெட்டர்கூட இல்லை! உறவினர் ஒருவரோடு கப்பலேறிவிட்டார்.

போய்ச் சேர்ந்த இடம் கிளாஸ்கோவின் செல்டிக் கிளப். வெறுங்காலோடு வந்து நின்றவரைப் பார்த்து மேனேஜர் வில்லி மேலி எப்படி முழித்திருப்பார்! ஆடிக் காட்டியதும் சேர்த்துக்கொண்டார்கள். ஜிம்மி மெக்மெனமி குனிந்து சலீமின் காலுக்கு பாண்டேஜ் சுற்றும் போட்டோ இன்றைக்கும் இருக்கிறது. வெள்ளைக்காரர் ராஜ்யம் நடந்த காலம், ஞாபகம் இருக்கட்டும். பாண்டேஜ் காலோடு இரண்டு மேட்ச். ஹாமில்டனை 5-1, கால்ஸ்டனை 7-1.

தங்கச் சொன்னார்கள். வீட்டு ஞாபகம் வந்துவிட்டது, கிளம்பிவிட்டார். துபாய் போய் நாலே மாசத்தில் திரும்பிய நண்பனை நான் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். இதைப் படித்ததிலிருந்து நிறுத்திவிட்டேன்.

சலீம் 1980-ல் காலமானார். அதற்கு முன், அவர் நோயில் கிடந்தபோது மகன் செல்டிக்குக்கு ஒரு கடிதம் போட்டார், வைத்தியத்துக்குப் பணம் தேவை என்று. பணம் அல்ல குறி. அப்பாவை அங்கே ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். பதில் வந்தது. உள்ளே 100 பவுண்டுக்கு பாங்க் டிராஃப்ட்!

மகன் அதை மாற்றவே இல்லை. சாகும்வரை பத்திரமாக வைத்திருப்பேன் என்றார். காலாவதியான டிராஃப்ட்டை எந்தக் கணக்கில் எழுதணும்னு எனக்கு பி.காம்.ல சொல்லித் தரலை.