சக்கரத்தின்மேல் ஓர் இல்லம்

வாழப்பாடி வழியே முற்காலத்திற் சென்ற கூண்டு வண்டிகளைப்பற்றி எம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். வைக்கோலைப் பரப்பி, அதன்மேற் சமுக்காளத்தை விரித்து, பிள்ளைகளைத் துயிற்றிக்கொண்டே இரவெல்லாம் வழிச்செல்வராம்.

அமெரிக்க நாட்டில் 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் மக்கள் தம் வீட்டிலேயே செய்துகொண்ட கண்ணீர்த்துளி வண்டியும் இவ்வினத்ததே. மோட்டாரின் பின்னே பூட்டி இழுக்கப்படும் அம்மரக்கூடு முன்னே உருண்டும் பின்னே சரிந்தும் இருத்தலால் அப்பெயர் பெற்றது. ஒட்டுப்பலகையைத் துளிவடிவில் அறுத்து இருபுறமும் நிறுத்தி, குறுக்குச் சட்டங்களால் இணைத்து, மெல்லிய பலகையை வளைத்துக் கூரையிடுவர். உள்ளே இருவர் படுக்க இடமுண்டு. நிமிர்ந்து நிற்க இயலாது. பின்மூடியைத் தூக்கினாலோ, அடுக்களை!

தச்சு வேலையினும் அரியது பாரத்தை வகுத்தலே. பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து மாட்டின் கழுத்தை இறுக்கும் என்பதை நம் வண்டிக்காரர் அறிவர். மோட்டார் இழுக்கும் கூட்டிற்கும் விதி அஃதே. மொத்தப் பாரத்திற் பத்தில் ஒரு பங்கேனும் முன்னிணைப்பின்மேல் தங்காவிடின், விரைந்து செல்லுங்கால் கூடு இருபுறமும் ஆடி, இழுக்கும் மோட்டாரையும் கவிழ்த்துவிடக்கூடும். ஆதலின் தண்ணீர்க் குடம் எங்கே இருக்கும் என்பதையும் முதலிற் கணித்தே அச்சைப் பொருத்துதல் வேண்டும்.

நம் நாமக்கல்லைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு 2019-இல் ஆட்டோவின்மேல் 36 சதுர அடியில் வீடொன்றை ஏறத்தாழ ஓரிலக்கம் ரூபாயில் அமைத்தார். படுக்கை, அடுக்களை, குளியலிடம் யாவும் அதனுள் அடங்கின. அவர்போல் முனைவோர்க்கு ஒன்று கூறுவோம்: 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இழுவண்டியும் மோட்டார் வாகனமே, பதிவின்றிச் சாலையில் விடலாகாது. உளியைக் கையிலெடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வினவிக்கொள்ளுதல் வேண்டும்.