எல்லார்க்கும் ஏற்ற நிறம்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பர் பெரியோர். ஒருவருக்கு ஆடை தேர்வதே கடினம். நாற்பது பேருக்கு ஒரே நிறச் சட்டை தேர்வது எவ்வளவு கடினம் என்பதைச் சென்ற ஆண்டு விளையாட்டு விழாவின்போது உணர்ந்தோம்.

அணிவகுப்புக்கு என்ன நிறம்? “ரோஸ்!” என்று கூவினோம். ஒரு தோழி மட்டும் வாய் திறக்கவில்லை. ‘கறுத்த பெண்ணுக்கு ரோஸ் எடுக்காது’ என்று உறவினர் ஒருவர் சொன்னது அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்ததைப் பின்னரே அறிந்தோம். கை தூக்கச் சொல்லியிருந்தால் ரோஸ் வென்றிருக்கும். அவள் தலை குனிந்திருப்பாள்.

“நிறத்தை முகத்தருகே வைத்துப் பாருங்கள்” என்றார் சிஸ்டர். மறுநாள் வேப்பமரத்தடியில் பல நிறத் துணிகளை ஒவ்வொருத்தியின் மோவாய்க்குக் கீழும் பிடித்துப் பார்த்தோம். வெளிர் மஞ்சள் சிலரைச் சோர்ந்தவராய்க் காட்டிற்று. மயில்கழுத்து நிறமோ கறுப்பு, மாநிறம், சிவப்பு என்ற வேறுபாடின்றி அனைவர் முகத்தையும் எடுத்துக் காட்டிற்று. காரணம் உண்டு. எந்தத் தோலிலும் செம்மையும் மஞ்சளும் கலந்திருக்கும். நீலப்பச்சை அதற்கு எதிர்நிறம்.

பிறகு தாம்பரத்தில் மின்ரயில் ஏறி, மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவுக்குச் சென்றோம். கடை விளக்கொளியில் நிறம் மாறித் தோன்றும். ஆகவே துணியை வாசல் வெயிலில் பார்த்தோம். சாயம் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் ஏறாது. ஆகவே ஒரே தானிலிருந்து வெட்டச் சொன்னோம். வெள்ளை வேண்டாம் என்றதற்கும் காரணம் உண்டு: இரும்புச்சத்து மிகுந்த ஆழ்குழாய் நீரில் துவைத்தால் வெள்ளை பழுப்பேறிவிடும். விலையையும் எல்லாப் பெற்றோராலும் இயன்ற அளவில் வைத்தோம்.

1948-ஆம் ஆண்டு கல்கத்தாவில் அன்னை தெரசா தமக்குத் தேர்ந்த உடை எது? ஏழைப் பெண்கள் உடுத்தும் மலிவான வெள்ளைச் சேலை. அதற்கு நீலக் கரை. இன்று உலகெங்கும் அவரது சபைச் சகோதரியர் உடுத்துவதும் அதுவே. கடைசியில் நிற்பவரை முதலில் எண்ணிய தேர்வு அது!

தோழியரே, குழுவுக்கு நிறம் தேரும்போது பேசாதிருப்பவளை முதலில் கேளுங்கள். விழாவன்று எங்கள் கொடியை ஏந்தி முன்னே நடந்தவள் அந்தத் தோழியே!