பனியில் சறுக்கும் முன்...

'ஒரே ஒரு வாரம், பணக்காரன் மாதிரி பனியில் சறுக்க வேண்டும்!' - ஆசை வந்ததும் நான் தேர்ந்தெடுத்த ஊர், ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ். 1928, 1948 என இரண்டு முறை குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த இடம். 1864-ல் ஹோட்டல்காரர் பாட்ரூட், கோடைக்கு வந்த இங்கிலீஷ்காரர்களிடம், 'குளிர்காலத்தில் வாருங்கள். பிடிக்காவிட்டால் செலவு என்னுடையது' என்று பந்தயம் கட்டினாராம். வந்தவர்கள் லேசில் கிளம்பவில்லையாம். கில்லாடி மனுஷன்!

நானும் கணக்குப் போட்டேன். கிறிஸ்துமஸ், புத்தாண்டு? விலை கிட்டவே போக முடியாது. ஜனவரி நடுவில் கொஞ்சம் இறங்குகிறது. ரூம், லிஃப்ட் பாஸ், வாடகை ஸ்கீ, பூட்ஸ், வாத்தியார் ஃபீஸ்... லிஸ்ட் நீண்டது. விசாவுக்காக 30,000 யூரோ மருத்துவ இன்ஷூரன்ஸ் எப்படியும் உண்டு. பனிச்சறுக்குக்கென்று தனியாகக் கேட்ட பிரீமியத்தை, 'நாம என்ன விழவா போறோம்?' என்று அடித்துவிட்டேன்.

மனைவி பாலிஸியின் பொடி எழுத்தைப் படித்தாள். ''ஸ்கீயிங்குக்குச் செல்லாதுன்னு போட்டிருக்கே! மலையில கால் ஒடிஞ்சா ஹெலிகாப்டர் வரும். அந்த பில்லை யாரு கட்டறது?''

பதில் இல்லை. பேனாவை எடுத்தேன். ஹோட்டலில் இரண்டு நட்சத்திரம் போச்சு. பிரீமியம் திரும்பி வந்தது.

''வாத்தியார் ஃபீஸ்ல கை வைக்காதீங்க'' என்றாள். ''சறுக்கறது அப்புறம். முதல்ல நேரா நிக்கக் கத்துக்குங்க!''