இரட்டைக் குழந்தைகள் எல்கேஜி போகிறார்கள்: ஒரே கிளாஸா, வேற வேற செக்‌ஷனா? ஆய்வுகள் சொல்வது என்ன?

புனேயில் வேலை பார்க்கும் என் தோழிக்கு நான்கு வயதில் இரட்டையர். ஒரு பெண், ஒரு பையன். எல்கேஜி அட்மிஷன் முடிந்த கையோடு பள்ளியிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. பெண் 'ஏ' செக்‌ஷன், பையன் 'சி' செக்‌ஷன். "இரட்டையர்களை எப்போதும் பிரித்துத்தான் போடுவோம், அப்போதுதான் தனித்தன்மை வளரும்" என்று காரணமும் சொல்லியிருந்தார்கள்.

தோழியின் கவலை பையனைப் பற்றி. தண்ணீர் வேண்டுமென்றால்கூட அவன் அக்காவைத்தான் பார்ப்பான். அவள்தான் வாய் திறந்து கேட்பாள். (நான்கு நிமிடம்தான் மூத்தவள், ஆனாலும் அக்கா!) "பிரிச்சா பேச ஆரம்பிப்பானா, இல்ல இன்னும் சுருங்கிடுவானா? டேட்டா ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. ஆனால் பள்ளி சொன்ன அளவுக்கு உறுதியாக அது எதையும் சொல்லவில்லை.

இந்தக் கேள்வி ஏன் இப்போது அதிகம் எழுகிறது?

1980களின் தொடக்கத்தில் உலக அளவில் 1,000 பிரசவங்களில் சுமார் 9 இரட்டைப் பிரசவங்கள். 2010-15இல் அது 12 ஆனது. இன்று பிறக்கும் 42 குழந்தைகளில் ஒன்று இரட்டையரில் ஒருவர். ஐவிஎஃப் போன்ற சிகிச்சைகளும், தாமதமாகக் குழந்தை பெற்றுக்கொள்வதும் முக்கியக் காரணங்கள். 'இரட்டையர் கிராமம்' என்றதும் நினைவுக்கு வரும் கேரளத்தின் கொடிஞ்ஞி தனிக்கதை. நகரத்துப் பள்ளிகளில் கூடும் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிரித்தால் என்ன ஆகிறது?

அதிகம் பேசப்படும் ஆய்வு பிரிட்டனில் நடந்தது; 2004இல் வெளியானது. 878 ஜோடிகளை 5 வயதிலிருந்து 7 வயது வரை பின்தொடர்ந்தார்கள். பள்ளி தொடங்கும்போதே பிரிக்கப்பட்டவர்களிடம் பதற்றம், ஒதுங்கிப்போதல் போன்றவை சற்று அதிகம் இருப்பதாக ஆசிரியர்கள் மதிப்பிட்டார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்த, அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் ஜோடிகளிடம் இது கூடுதலாகத் தெரிந்தது. அவர்களிலும் முதலில் சேர்ந்து படித்துவிட்டுப் பிறகு பிரிக்கப்பட்டவர்களுக்கு வாசிப்பிலும் மதிப்பெண் குறைந்தது.

'அப்ப சேர்த்தே வைக்கலாம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இங்கேதான் டேட்டாவைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். எந்த ஆய்விலும் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. பெற்றோரோ பள்ளியோ ஏதோ காரணத்துக்காகத்தான் பிரிக்கிறார்கள். ஓயாமல் சண்டை போடும் ஜோடியைப் பிரித்துவிட்டு, பிறகு 'பிரிந்தவர்களிடம் பிரச்சினை அதிகம்' என்று கணக்கெடுத்தால், அது பிரித்ததன் விளைவா, பழைய பிரச்சினையின் மிச்சமா? நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2005இல் இதைத்தான் தோண்டிப் பார்த்தார்கள். பிரிக்கப்பட்ட ஜோடிகளிடம் பள்ளியில் சேர்வதற்கு முன்பே பிரச்சினைகள் சற்று அதிகம் இருந்தன. 2010இல் வெளியான மற்றொரு நெதர்லாந்து ஆய்வில், 12 வயதுத் தேர்வு மதிப்பெண்ணில் சேர்ந்து படித்தவர்களுக்கும் பிரிந்து படித்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

2018இல் பிரிட்டன், கனடாவின் கியூபெக் இரண்டிலும் சேர்த்து சுமார் 9,000 ஜோடிகளை 7 முதல் 16 வயது வரை பார்த்த ஆய்வும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நின்றது: மதிப்பெண், அறிவுத்திறன், படிப்பில் ஆர்வம் எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டாயமாகப் பிரிக்க வேண்டும் என்ற விதிக்கு ஆதாரமும் இல்லை.

ஆக, பத்தாம் வகுப்பு மார்க்கை நினைத்து யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் ஓரிரு வருடங்கள் குழந்தை எப்படி இருக்கும் என்பதுதான் உண்மையான கேள்வி.

இந்தியாவில் யார் முடிவு செய்வது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2005இல் இதற்கென்றே சட்டம் போட்டது. பெற்றோர் கேட்டால் இரட்டையரை ஒரே வகுப்பில் வைக்க வேண்டும். அது வகுப்புக்கு இடைஞ்சல் என்று தெரிந்தால் பள்ளி பிறகு மாற்றலாம். நம் கல்வி உரிமைச் சட்டம், 2009 இதைப் பற்றிப் பேசவில்லை. செக்‌ஷன் ஒதுக்குவது பள்ளியின் நிர்வாக முடிவு. 'இது எங்க பாலிசி' என்று பள்ளி சொன்னால் அது பள்ளியின் வழக்கம் மட்டுமே. பேசிப் பார்க்க இடமிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இருப்பதே ஒரே ஓர் ஆசிரியர். அங்கே இந்தக் கேள்வியே எழாது. 'ஏ'யா 'சி'யா என்று குழம்புவதே ஒரு வசதிதான்.

எதைப் பார்த்து முடிவெடுப்பது?

ஒருவர் மற்றவருக்காகவே பேசுகிறாரா? ஒருவர் ரைம்ஸ் சொன்னால் மற்றவர் வாயை மூடிக்கொள்கிறாரா? ஆசிரியரும் உறவினரும் இருவரையும் எதற்கெடுத்தாலும் ஒப்பிடுகிறார்களா? பிரிப்பதற்கு இவை நியாயமான காரணங்கள். புது ஊர், புது மொழி, வீட்டில் ஒரு பிரிவு அல்லது மரணம், இதுவரை ஒருநாள்கூடத் தனியாக இருந்து பழகாத ஜோடி என்றால், முதல் வருடம் சேர்ந்தே இருக்கட்டும் என்பேன். புனேயில் வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், பஸ்ஸில் மராத்தி என்று வளரும் குழந்தைக்கு, வகுப்பில் தன் மொழி பேச ஒரு ஆள் இருப்பது சின்ன விஷயமல்ல. குழந்தைகளையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். இருவரின் பதிலும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. இரண்டு செக்‌ஷன் என்றால் இரண்டு டைரி, இரண்டு வாட்ஸ்அப் குரூப், ஒரே சனிக்கிழமையில் இரண்டு பெற்றோர் கூட்டம். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

பள்ளியிடம் 'சேர்த்து வையுங்கள்' என்று மொட்டையாகக் கேட்பதைவிட, காலக்கெடு வைத்துக் கேட்பது எளிது. தோழி அப்படித்தான் மெயில் அனுப்பினாள்: தீபாவளி விடுமுறை வரை ஒரே செக்‌ஷன், வேறு வேறு பெஞ்ச், வேறு வேறு விளையாட்டுக் குழு, அதன்பிறகு வகுப்பாசிரியர் சொல்வதைக் கேட்டு முடிவு. பள்ளி ஒப்புக்கொண்டது.

போன வாரம் பையன் முதல்முறையாகத் தானே டீச்சரிடம் போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரச் சொன்னானாம். அன்றைக்கு அக்கா காய்ச்சலில் லீவு.