தரைவண்டின் சாப்பாட்டுக் கணக்கு

இலைதழை தின்னும் உயிர்கள்தான் சத்துப் பார்த்து உண்ணும், வேட்டையாடுபவை அகப்பட்டதை விழுங்கிவிடும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். இறைச்சி எல்லாம் ஒன்றுதானே என்ற எண்ணம். ஐரோப்பிய வயல்களில் ஓடித்திரியும் ஒரு சிறு வண்டு அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது.

அன்கோமெனஸ் டார்சாலிஸ் என்ற அந்த வண்டின் நீளம் 6 முதல் 8 மில்லிமீட்டர்தான். சுமார் 40,000 இனங்கள் கொண்ட தரைவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் நெல்வயலில் பூச்சிகளை வேட்டையாடும் ஓபியோனியா வண்டும் இதற்கு உறவு.

டேவிட் மெய்ன்ட்ஸ் குழுவினர் 2005-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை எளிமையானது. சில வண்டுகளுக்குக் கொழுப்பு மிகுந்த உணவும், வேறு சிலவற்றுக்குப் புரதம் மிகுந்த உணவும் கொடுத்தார்கள். பிறகு தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத் தந்தபோது, எந்தச் சத்துக் குறைந்திருந்ததோ அதையே நாடி ஈடுகட்டிக்கொண்டன.

இன்னும் வியப்பானது, குளிர்கால உறக்கம் கலைந்த பிறகு நடப்பது. சேமித்த கொழுப்பெல்லாம் கரைந்து, வண்டு மெலிந்திருக்கும். முதல் சில நாட்கள் கொழுப்பைத் தேடித் தின்னும்; உடம்பு தேறியதும் புரதத்தின் பக்கம் திரும்பும். முட்டையிடும் பருவம் நெருங்குகிறதல்லவா! இந்த இனப் பெண் வண்டுகள் தாமாகத் தேர்ந்தெடுக்கும் புரத, கொழுப்பு விகிதத்தில்தான் முட்டைகளும் மிக அதிகமாகக் கிடைத்தன என்று 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நாவின் விருப்பமும் வயிற்றின் தேவையும் இவ்வளவு பொருந்திப்போவது அழகான சங்கதி.

தானியப் பயிரில் மொய்க்கும் அசுவினி இவற்றுக்கு எளிதில் கிடைக்கும் இரை. ஆனால் தரைவண்டுகள் பலவற்றுக்கு அதை மட்டுமே கொடுத்து வளர்த்தால் முட்டை குறைந்துவிடுகிறது.

புழுப் பருவத்தில் உண்பது இன்னும் முக்கியம். கூட்டிலிருந்து வெளிவந்த வண்டு அதற்குமேல் பெரிதாவதில்லை. புழுவாக மண்ணுக்குள் உண்டதே அதன் உருவளவைத் தீர்மானிக்கிறது. பொதுவாக, பெரிய பெண் வண்டு கூடுதலாக முட்டையிடும். அமாரா என்ற தரைவண்டு வகையிலோ, சில இனங்களின் புழுக்கள் விதைகளை மட்டுமே தின்று நன்றாக வளர்கின்றன. வேறு சிலவற்றுக்கு விதையோடு பூச்சியும் வேண்டும்.

ஆகவே அசுவினி நிறைந்த வயல் மட்டும் தரைவண்டுக்குப் போதாது. பலவகை உணவோடு, ஒதுங்க இடமும் வேண்டும். பிரிட்டனில் வயலின் நடுவே புல்மேடுகளை அமைக்கிறார்கள். குளிர்காலத்தைக் கழிக்க வண்டுகள் அங்கே ஒதுங்குகின்றன.